‘ரீஃபண்ட் வந்திருக்கு’னு மெயில் வந்ததா? பட்டனை அழுத்துறதுக்கு முன்னாடி இதைப் படிங்க! ஃபிஷிங் மோசடியைக் கண்டுபிடிப்பது எப்படி?

வருமான வரி ரிட்டர்ன் தாக்கல் செய்து மூன்று வாரம் ஆகிறது. ரீஃபண்ட் எப்போ வரும் என்று காத்திருக்கிறார் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். காலையில் செல்போனை எடுத்துப் பார்த்தால் ஒரு மெயில். அனுப்பியவர் பெயர் ‘இன்கம் டேக்ஸ் டிபார்ட்மென்ட்’. மேலே அரசு முத்திரை. கீழே இரண்டே வரி: “உங்களுக்கு 18,740 ரூபாய் ரீஃபண்ட் அனுமதிக்கப்பட்டுள்ளது. வங்கிக் கணக்கு விவரம் பொருந்தவில்லை. 24 மணி நேரத்துக்குள் சரிபார்க்காவிட்டால் தொகை ரத்தாகும்.” அதற்கும் கீழே நீல நிறத்தில் ஒரு பட்டன்.

அழுத்தினால் அப்படியே வருமான வரித்துறை இணையதளம் மாதிரியே ஒரு பக்கம் திறக்கிறது. எந்த வங்கி என்று கேட்கிறது. கணக்கு எண் கேட்கிறது. டெபிட் கார்டு எண், பின்னால் உள்ள 3 இலக்க எண், கடைசியில் ஓடிபி. எல்லாவற்றையும் கொடுத்து முடித்த சில நிமிடங்களில், வரவேண்டிய ரீஃபண்டுக்குப் பதிலாக கணக்கில் இருந்த பென்ஷன் பணம் கிளம்பிவிடுகிறது.

இது விளக்கத்துக்காகச் சொன்ன காட்சி. ஆனால் இந்த மாதிரி மெயில்கள் நிஜமாகவே சுற்றுகின்றன. வருமான வரித்துறையே இதைப் பற்றி மக்களை எச்சரித்து வருகிறது. இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த ஆசிரியர் பேராசைப்பட்டு சிக்கவில்லை. அவர் எதிர்பார்த்துக்கொண்டிருந்த மெயில், எதிர்பார்த்த நேரத்தில் வந்தது. அதனால் நம்பினார். அவ்வளவுதான்.

இப்படிப்பட்ட மெயிலை எப்படி அடையாளம் காண்பது, சிக்கிவிட்டால் என்ன செய்வது? பார்க்கலாம்.

ஃபிஷிங் என்றால் என்ன?

நமக்குத் தெரிந்த ஒரு வங்கி, அரசுத்துறை, கூரியர் நிறுவனம் அல்லது அலுவலக மேலதிகாரி போல வேடம் போட்டு மெயில் அனுப்பி, நம் கையாலேயே பாஸ்வேர்டு, கார்டு எண், ஓடிபி போன்றவற்றைக் கொடுக்க வைப்பதுதான் ஃபிஷிங். தூண்டில் போட்டு மீன் பிடிப்பதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் உச்சரிப்புதான் இதுவும். எழுதும்போது மட்டும் முதல் எழுத்தை மாற்றி எழுதுவார்கள். 1990-களின் நடுவில், அமெரிக்காவில் ஏஓஎல் இணையச் சேவை பிரபலமாக இருந்தபோது, அதன் வாடிக்கையாளர்களின் பாஸ்வேர்டுகளைத் திருடியவர்களிடம் இருந்து இந்தப் பெயர் பரவியது.

இதே வேலையை எஸ்எம்எஸ் மூலம் செய்தால் ‘ஸ்மிஷிங்’, போன் காலில் செய்தால் ‘விஷிங்’, க்யூஆர் கோடு மூலம் செய்தால் ‘குவிஷிங்’ என்கிறார்கள். பெயர் எதுவாக இருந்தாலும் உள்ளே இருக்கும் தந்திரம் ஒன்றுதான்: நம்ப வை, அவசரப்படுத்து, ஒரு பட்டனை அழுத்த வை.

படித்தவர்களும் சிக்குவது ஏன்?

‘நமக்கெல்லாம் இது நடக்காது’ என்று நினைப்பவர்களுக்காக இரண்டு உண்மைச் சம்பவங்கள்.

முதல் சம்பவம், 2016 மார்ச். அமெரிக்க அதிபர் தேர்தலில் ஹிலாரி கிளிண்டனின் பிரசாரக் குழுத் தலைவராக இருந்தவர் ஜான் பொடெஸ்டா. அவருக்கு கூகுளிடம் இருந்து வந்தது போல ஒரு மெயில் வந்தது. ‘உங்கள் பாஸ்வேர்டு யாரிடமோ சிக்கிவிட்டது, உடனே மாற்றுங்கள்’ என்பது அதன் சாரம். சந்தேகம் வந்து, குழுவின் தொழில்நுட்ப உதவியாளரிடம் கேட்டார்கள். ‘இது உண்மையான மெயில்தான், பாஸ்வேர்டை மாற்ற வேண்டும்’ என்று பதில் வந்தது. போலி என்று எழுத நினைத்து, தவறுதலாக அப்படி எழுதிவிட்டதாக அந்த உதவியாளர் பின்னாளில் சொன்னார். ஆனால் அந்தப் பதிலிலேயே கூகுளின் சரியான இணைய முகவரியையும் கொடுத்திருந்தார். அதன் வழியாகப் போய் பாஸ்வேர்டை மாற்றியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. அழுத்தப்பட்டதோ மோசடி மெயிலில் இருந்த லிங்க். அவருடைய ஆயிரக்கணக்கான மெயில்கள் அந்த ஆண்டு அக்டோபர் முதல் விக்கிலீக்ஸ் தளத்தில் வெளியாகின.

இரண்டாவது சம்பவத்தில் சிக்கியது கூகுளும் ஃபேஸ்புக்கும்! இந்த இரண்டு நிறுவனங்களுக்கும் கம்ப்யூட்டர் கருவிகள் சப்ளை செய்தது தைவானின் குவாண்டா கம்ப்யூட்டர். எவால்டாஸ் ரிமாசாஸ்காஸ் என்ற லிதுவேனியா நாட்டுக்காரர், அதே பெயரில் வேறொரு நாட்டில் ஒரு நிறுவனத்தைப் பதிவு செய்தார். போலி மெயில், போலி இன்வாய்ஸ், போலி ஒப்பந்தம் என்று அனுப்பி 2013 முதல் 2015 வரை 10 கோடி டாலருக்கும் மேல் தன் கணக்குகளுக்கு வரவழைத்தார். 2019-ல் குற்றத்தை ஒப்புக்கொண்ட அவருக்கு அமெரிக்க நீதிமன்றம் 5 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது.

ஆக, படிப்பும் தொழில்நுட்ப அறிவும் மட்டும் போதாது. அந்த நிமிடத்தில் நாம் எந்த வழியாகப் போகிறோம் என்பதுதான் முக்கியம்.

எழுத்துப்பிழை இருந்தால்தான் போலியா?

‘ஸ்பெல்லிங் மிஸ்டேக் இருந்தால் அது டுபாக்கூர் மெயில்’ என்பது பல வருடமாகச் சொல்லப்படும் அறிவுரை. ஒரு காலத்தில் அது உதவியது.

2016 பிப்ரவரியில் நடந்த வங்கதேச மத்திய வங்கிக் கொள்ளையைப் பாருங்கள். அதற்கு ஓராண்டு முன்பே, வேலை தேடுபவர் பயோடேட்டா அனுப்புவது போல வங்கி ஊழியர்களுக்கு மெயில்கள் வந்தன. அந்த வழியாக வங்கியின் கம்ப்யூட்டர் அமைப்புக்குள் திருடர்கள் நுழைந்தார்கள் என்பது அமெரிக்கப் புலனாய்வாளர்களின் குற்றச்சாட்டு. நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கியில் இருந்த வங்கதேசத்தின் கணக்கில் இருந்து 95 கோடி டாலர் அளவுக்கு எடுக்க உத்தரவுகள் அனுப்பினார்கள். அதில் 8.1 கோடி டாலர் பிலிப்பைன்ஸுக்குப் போய்விட்டது. இன்னொரு 2 கோடி டாலர் இலங்கையில் உள்ள ஒரு அமைப்பின் கணக்குக்கு அனுப்பப்பட்டது. ஆனால் அந்த உத்தரவில் ‘ஃபவுண்டேஷன்’ என்ற ஆங்கிலச் சொல் ‘ஃபேண்டேஷன்’ என்று தப்பாக இருந்தது. இடையில் இருந்த வங்கிக்குச் சந்தேகம் வந்து விசாரிக்க, அந்த 2 கோடி டாலர் தப்பியது.

இப்போது அந்த அதிர்ஷ்டத்தை நம்ப முடியாது. ஏஐ கருவிகள் வந்த பிறகு, பிழையே இல்லாத ஆங்கிலத்தில், ஏன், நல்ல தமிழிலேயே மெயில் தயாரிக்க ஒரு நிமிடம் போதும். பிழை இருந்தால் உஷாராகுங்கள், சரி. பிழை இல்லை என்பதற்காக மட்டும் ஒரு மெயிலை நம்பிவிடாதீர்கள்.

போலி மெயிலைக் காட்டிக்கொடுக்கும் 6 இடங்கள்

1. அனுப்பியவர் பெயருக்குப் பின்னால் இருக்கும் முகவரி

செல்போனில் மெயிலைத் திறந்தால் பெரும்பாலும் அனுப்பியவரின் பெயர்தான் தெரியும். அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். வீட்டு வாசலில் ‘கலெக்டர்’ என்று போர்டு மாட்டிக்கொண்டால் கலெக்டர் ஆகிவிட முடியுமா? அதே கதைதான். ஜிமெயில் ஆப்பில், பெயருக்குக் கீழே உள்ள சின்ன அம்புக்குறியைத் தொட்டால் முழு மெயில் முகவரியும் தெரியும். அதில் @ குறிக்குப் பிறகு என்ன இருக்கிறது என்று பாருங்கள். அரசுத்துறை என்று சொல்லிக்கொண்டு ஜிமெயில் முகவரியில் இருந்தோ, சம்பந்தமே இல்லாத ஏதோ ஒரு பெயரில் இருந்தோ வந்தால், அங்கேயே முடிவு செய்துவிடலாம்.

ஒரு எச்சரிக்கை: முகவரி சரியாகத் தெரிந்தாலும் அது முழு உத்தரவாதம் ஆகாது. தெரிந்தவரின் மெயில் கணக்கையே ஹேக் செய்து, அதிலிருந்து அனுப்புவதும் உண்டு.

2. லிங்க்கைக் கடைசியில் இருந்து படியுங்கள்

லிங்க்கைத் தொடாமல், அதன் மேல் விரலை சில விநாடி அழுத்திப் பிடித்தால் அது உண்மையில் எங்கே போகிறது என்று செல்போனிலேயே பார்க்கலாம். கம்ப்யூட்டரில் என்றால் மவுஸை அதன் மேல் கொண்டுபோய் வைத்தால் போதும்.

இணைய முகவரியை நம் வீட்டு முகவரி மாதிரி படிக்க வேண்டும். ‘அண்ணா நகர்’ என்று இருந்தால் உடனே சென்னை என்று நினைக்கிறோம். ஆனால் அடுத்த வரியில் மதுரை என்று இருந்தால் அது மதுரை அண்ணா நகர்தானே! ஊரை முடிவு செய்வது கடைசி வரி. இணைய முகவரியிலும் அப்படித்தான். முகவரியின் தொடக்கத்தில் வரும் இரட்டைக் கோட்டை விட்டுவிட்டு, அதன் பிறகு வரும் முதல் சாய்வுக்கோட்டைத் தேடுங்கள். அதற்குச் சற்று முன்னால் உள்ள பகுதிதான் உரிமையாளர் யார் என்று சொல்லும்.

‘இன்கம்டேக்ஸ்.ஜிஓவி.இன்’ என்று முடிந்தால் அது வருமான வரித்துறை. ‘இன்கம்டேக்ஸ்.ஜிஓவி.இன்.ரீஃபண்ட்-செக்.காம்’ என்று முடிந்தால், முன்னால் என்ன இருந்தாலும் அது ‘ரீஃபண்ட்-செக்.காம்’ என்ற பெயரைப் பதிவு செய்தவரின் தளம்.

எழுத்துகளிலும் ஏமாற்றுவார்கள். ஆங்கிலத்தின் சின்ன ‘ஆர்’, சின்ன ‘என்’ இரண்டையும் ஒட்டி எழுதினால் செல்போன் திரையில் ‘எம்’ மாதிரியே தெரியும். ‘ஓ’ எழுத்துக்குப் பதில் பூஜ்ஜியம், ‘எல்’ எழுத்துக்குப் பதில் 1 என்று மாற்றிப் போடுவதும் வழக்கம். சுருக்கப்பட்ட குட்டி லிங்க் என்றால் அது எங்கே போகிறது என்றே தெரியாது. பணம் சம்பந்தப்பட்ட மெயிலில் அதைத் தொடவே வேண்டாம்.

3. வங்கி என்றால் ‘பேங்க்.இன்’ இருக்கிறதா?

இது பலருக்கும் இன்னும் தெரியாத ஒரு நல்ல அடையாளம். போலி வங்கித் தளங்களைக் கட்டுப்படுத்த, இந்திய வங்கிகளுக்கென்றே ‘பேங்க்.இன்’ என்று முடியும் தனி இணைய முகவரியை ரிசர்வ் வங்கி 2025-ல் அறிவித்தது. 2025 அக்டோபர் 31-க்குள் எல்லா வங்கிகளும் தங்கள் தளங்களை இதற்கு மாற்ற வேண்டும் என்று உத்தரவிட்டது. இந்த முகவரியை கண்டவர்களும் வாங்கிவிட முடியாது. ஹைதராபாத்தில் உள்ள ஐடிஆர்பிடி என்ற நிறுவனம் வழியாக வங்கிகள் மட்டுமே பதிவு செய்ய முடியும். இனி நெட் பேங்கிங் பக்கம் ஒன்று திறந்தால், ‘பேங்க்.இன்’ என்று முடிகிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

‘பூட்டு படம் இருக்கே, அப்போ பாதுகாப்புதானே?’ என்று கேட்கலாம். இல்லை. உங்களுக்கும் அந்தத் தளத்துக்கும் நடுவில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பதுதான் அந்தப் பூட்டுக்கு அர்த்தம். அந்தத் தளமே திருடனுடையது என்றால் பூட்டு என்ன செய்யும்? இந்தக் குழப்பத்தால்தான் கூகுள் 2023-ல் தன் குரோம் பிரவுசரில் இருந்து பூட்டு அடையாளத்தையே எடுத்துவிட்டு, வேறு ஐகானை வைத்தது.

4. அவசரம், பயம், ஆசை

‘24 மணி நேரத்தில் கணக்கு முடக்கப்படும்’, ‘இன்றே கடைசி நாள்’, ‘உங்கள் பார்சல் திருப்பி அனுப்பப்படும்’, ‘உங்கள் மீது வழக்கு பதிவாகியுள்ளது’. மோசடி மெயிலில் இப்படி ஒரு வரி கிட்டத்தட்ட கட்டாயம் இருக்கும். யோசிக்க நேரம் கொடுத்தால் நீங்கள் தப்பிவிடுவீர்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். படிக்கும்போது நெஞ்சு படபடக்கிறதா? அதையே அபாய மணியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

செய்திகளில் என்ன ஓடுகிறதோ அதையும் பயன்படுத்துவார்கள். புதிய பான் 2.0 திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2024 நவம்பரில் ஒப்புதல் கொடுத்தது. அதன் பிறகு ‘உங்கள் இ-பான் கார்டை டவுன்லோடு செய்யுங்கள்’ என்ற பெயரில் மெயில்கள் பரவின. அவை போலி என்று மத்திய அரசின் பிஐபி ஃபேக்ட் செக் பிரிவு எச்சரிக்க வேண்டியிருந்தது.

5. இணைப்பாக வரும் ஃபைல்

இன்வாய்ஸ், நோட்டீஸ், பயோடேட்டா என்ற பெயரில் வரும் ஃபைல்களின் பெயர் எப்படி முடிகிறது என்று பாருங்கள். ‘பிடிஎஃப்’ என்று காட்டிவிட்டு கடைசியில் ‘இஎக்ஸ்இ’ என்று முடிந்தால், அது ஆவணம் கிடையாது. கம்ப்யூட்டருக்குள் புகும் புரோகிராம். ‘ஏபிகே’ என்று முடிந்தால் ஆண்ட்ராய்டு போனில் ஒரு ஆப்பையே நிறுவப் பார்க்கிறார்கள் என்று அர்த்தம். ‘ஹெச்டிஎம்எல்’ என்று முடியும் ஃபைலைத் திறந்தால் போலி லாகின் பக்கம் வரலாம். பிடிஎஃப் உள்ளே க்யூஆர் கோடு வைத்து ‘ஸ்கேன் செய்யுங்கள்’ என்று சொல்வதும் ஒரு தந்திரம்தான். மெயிலில் வந்த லிங்க்கைப் போலவே அதையும் சந்தேகப்படுங்கள்.

6. என்ன கேட்கிறார்கள்?

மற்ற ஐந்தும் சரியாகத் தெரிந்தாலும், கடைசியில் இதைப் பாருங்கள். ஓடிபி, யுபிஐ பின், ஏடிஎம் பின், நெட் பேங்கிங் பாஸ்வேர்டு, கார்டின் பின்னால் உள்ள 3 இலக்க எண்... இவற்றில் ஒன்றைச் சரிபார்ப்புக்கு என்று கேட்டால் அது மோசடி. பணம் ‘வர’ வேண்டும் என்றால் யுபிஐ பின் தேவையே இல்லை. பின் போடுவது நம் கணக்கில் இருந்து பணம் ‘போக’த்தான்.

வருமான வரித்துறையின் உண்மையான மெயில் எப்படி இருக்கும்?

வருமான வரித்துறை மெயிலே அனுப்பாதா? அனுப்பும். அதனால்தான் குழப்பம். ரிட்டர்ன் பரிசீலிக்கப்பட்ட பிறகு பெங்களூருவில் உள்ள மத்திய செயலாக்க மையத்தில் இருந்து ‘இன்டிமேஷன்’ என்ற அறிவிப்பு பிடிஎஃப் ஆக வரும். அதைத் திறக்க உங்கள் பான் எண்ணும் பிறந்த தேதியும்தான் பாஸ்வேர்டு. அதை நீங்கள் உங்கள் போனில் டைப் செய்து திறக்கிறீர்கள். வேறு எந்த இணையப் பக்கத்திலும் கொடுப்பதில்லை.

கார்டு எண், பின், பாஸ்வேர்டு போன்றவற்றை மெயில் மூலம் கேட்பதே இல்லை என்று வருமான வரித்துறை தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ரீஃபண்ட் தொகை, நீங்கள் ஏற்கனவே போர்ட்டலில் பதிவு செய்து சரிபார்த்த வங்கிக் கணக்குக்கு நேரடியாக வரும். அதை வாங்க எந்தப் பட்டனையும் அழுத்த வேண்டியதில்லை.

நோட்டீஸ் என்று ஏதாவது வந்து பயமாக இருக்கிறதா? 2019 அக்டோபர் 1 முதல் வருமான வரித்துறையின் கடிதங்களில் ‘டின்’ எனப்படும் ஆவண அடையாள எண் இருக்க வேண்டும் என்பது விதி. வருமான வரி போர்ட்டலின் முகப்புப் பக்கத்திலேயே நோட்டீஸ் உண்மையானதா என்று சரிபார்க்கும் வசதி இருக்கிறது. அதற்கு லாகின் கூட தேவையில்லை.

ஒரே ஒரு பழக்கம் போதும்: நீங்களே போங்க!

மேலே சொன்ன ஆறையும் நினைவில் வைத்துக்கொள்வது கஷ்டம் என்று தோன்றலாம். அப்படியென்றால் இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். பணம், பாஸ்வேர்டு, கணக்கு சம்பந்தப்பட்ட எந்த மெயில் வந்தாலும், அந்த மெயில் காட்டும் வழியில் போகாதீர்கள். மெயிலை மூடிவிட்டு, உங்களுக்குத் தெரிந்த வழியில் நீங்களே போங்கள்.

வங்கியில் இருந்து மெயிலா? வங்கியின் ஆப்பைத் திறந்து பாருங்கள். ரீஃபண்ட் மெயிலா? போர்ட்டலின் முகவரியை நீங்களே டைப் செய்து உள்ளே போய், தாக்கல் செய்த ரிட்டர்னின் நிலையைப் பாருங்கள். மின்கட்டணம் பாக்கி என்று மெயிலா? வழக்கமாகக் கட்டும் ஆப்பில் பாருங்கள். விஷயம் உண்மையாக இருந்தால் அங்கேயும் இருக்கும். அங்கே இல்லை என்றால், மெயில் பொய்.

வங்கியின் கஸ்டமர் கேர் எண்ணையும் மெயிலில் இருந்து எடுக்காதீர்கள். கூகுளில் தேடினாலும் போலி எண்கள் வர வாய்ப்பு உண்டு. உங்கள் டெபிட் கார்டின் பின்புறத்தில் அச்சிட்டிருக்கும் எண்தான் பாதுகாப்பானது.

வியாபாரிகளே, அக்கவுன்ட் நம்பர் மாறியதா?

இந்தப் பழக்கம் தொழில் செய்பவர்களுக்கு இன்னும் முக்கியம். உதாரணத்துக்கு, திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி. வழக்கமாக நூல் சப்ளை செய்யும் மில்லிடம் இருந்து மெயில்: ‘எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது. இனி இந்தக் கணக்குக்கு பணம் அனுப்பவும்.’ லெட்டர்ஹெட், கையெழுத்து, பழைய பில் எண் எல்லாமே சரியாக இருக்கிறது. காரணம், யாரோ ஒருவர் இரு தரப்பில் ஒருவரின் மெயிலுக்குள் புகுந்து, பல நாளாக எல்லாவற்றையும் படித்துக்கொண்டிருந்திருக்கலாம்.

இங்கேயும் வழி அதேதான். அந்த மெயிலுக்கு ரிப்ளை செய்து ‘உண்மையா?’ என்று கேட்காதீர்கள். பதில் சொல்லப்போவதும் அதே திருடன்தான்! பல வருடமாக உங்கள் போனில் இருக்கும் மில் முதலாளியின் எண்ணுக்கு நேரடியாக ஒரு போன் போடுங்கள். ‘போனில் பேசி உறுதி செய்யாமல் கணக்கு எண்ணை மாற்றக்கூடாது’ என்று உங்கள் அக்கவுன்டன்டிடம் கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள்.

முன்கூட்டியே செய்ய வேண்டியவை

மெயில் கணக்குக்கு இரட்டைச் சரிபார்ப்பு போடுங்கள். மெயில்தான் மற்ற எல்லா கணக்குகளுக்கும் சாவி. அதைப் பிடித்துவிட்டால் ‘பாஸ்வேர்டு மறந்துவிட்டது’ என்று சொல்லியே மற்றவற்றையும் திறந்துவிடுவார்கள்.

ஒரே பாஸ்வேர்டை எல்லா இடத்திலும் பயன்படுத்தாதீர்கள். போனிலேயே இருக்கும் பாஸ்வேர்டு மேனேஜரில் சேமித்து வைப்பது நல்லது. அதில் இன்னொரு லாபமும் உண்டு. ஒரிஜினல் தளத்தில் தானாகவே பாஸ்வேர்டை நிரப்பும் அந்த மேனேஜர், முகவரி ஒரு எழுத்து மாறியிருந்தாலும் நிரப்பாது. ‘என்னடா, இன்னைக்கு தானா வரலையே’ என்று தோன்றினால், முகவரியை மறுபடி பாருங்கள்.

வசதி இருக்கும் இடங்களில் பாஸ்கீ முறைக்கு மாறுங்கள். இதில் டைப் செய்ய பாஸ்வேர்டே கிடையாது. கைரேகை அல்லது போன் லாக் மூலம் உள்ளே போகலாம். பாஸ்கீ அந்த ஒரிஜினல் தளத்தோடு மட்டுமே வேலை செய்யும் என்பதால், போலித் தளத்தில் கொடுக்க நம்மிடம் எதுவும் இருக்காது. ஓடிபியில் இந்தப் பாதுகாப்பு இல்லை. போலிப் பக்கத்தில் நீங்கள் போடும் ஓடிபியை அடுத்த விநாடியே ஒரிஜினல் தளத்தில் அவர்கள் போட்டுவிடலாம்.

வங்கி ஆப்பில் கார்டுக்கும் ஆன்லைன் பரிவர்த்தனைக்கும் தினசரி உச்சவரம்பைக் குறைத்து வையுங்கள். வெளிநாட்டுப் பரிவர்த்தனை தேவையில்லை என்றால் ஆஃப் செய்துவிடுங்கள்.

க்ளிக் பண்ணிட்டேன்... இப்போ என்ன செய்யணும்?

லிங்க்கை மட்டும் திறந்தீர்களா? எதையும் டைப் செய்யவில்லை, எதையும் டவுன்லோடு செய்யவில்லை என்றால் பக்கத்தை மூடிவிடுங்கள். பயப்பட வேண்டாம். போனில் புதிதாக ஏதாவது ஃபைலோ ஆப்போ வந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

பாஸ்வேர்டு கொடுத்துவிட்டீர்களா? உடனே ஒரிஜினல் தளத்துக்குப் போய் மாற்றுங்கள். எல்லா சாதனங்களில் இருந்தும் லாக் அவுட் செய்யுங்கள். அதே பாஸ்வேர்டை வேறு எங்கே வைத்திருக்கிறீர்களோ அங்கேயும் மாற்றுங்கள். மெயில் கணக்கு என்றால் செட்டிங்ஸில் ‘ஃபார்வர்டிங்’, ‘ஃபில்டர்’ இரண்டையும் பாருங்கள். உங்களுக்கு வரும் மெயில்கள் ரகசியமாக வேறு முகவரிக்குப் போகும்படி வைத்திருக்கலாம்.

ஆப் ஏதாவது இன்ஸ்டால் செய்துவிட்டீர்களா? முதலில் போனின் இன்டர்நெட்டை ஆஃப் செய்யுங்கள். வங்கிக்கு வேறு ஒருவரின் போனில் இருந்து பேசுங்கள்.

கார்டு விவரம், ஓடிபி கொடுத்துவிட்டீர்களா? பணம் போய்விட்டதா? ஒரு நிமிடம் கூட வீணாக்காமல் இதை வரிசையாகச் செய்யுங்கள்:

* வங்கிக்கு போன் செய்து கார்டையும் நெட் பேங்கிங்கையும் முடக்கச் சொல்லுங்கள். புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.
* 1930 என்ற தேசிய சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். திருடப்பட்ட பணம் ஒரு கணக்கில் இருந்து இன்னொரு கணக்குக்கு என்று வேகமாகத் தாவும். 2021-ல் தொடங்கப்பட்ட இந்த அமைப்பில் போலீசும் வங்கிகளும் இணைந்திருப்பதால், பணம் வெளியே எடுக்கப்படுவதற்கு முன்பே அதை நிறுத்தி வைக்க முடியும்.
* சைபர்கிரைம்.ஜிஓவி.இன் தளத்தில் புகாரைப் பதிவு செய்யுங்கள். தமிழகத்தில் மாவட்டங்களிலும் மாநகரங்களிலும் உள்ள சைபர் கிரைம் காவல் நிலையத்திலும் நேரில் புகார் தரலாம்.
* அந்த மெயிலை டெலிட் செய்யாதீர்கள். அதுதான் சாட்சி. மெயில், போலிப் பக்கம், வங்கி எஸ்எம்எஸ், பரிவர்த்தனை எண் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

வருமான வரித்துறை பெயரில் வந்த போலி மெயில் என்றால், அதை வெப்மேனேஜர்@இன்கம்டேக்ஸ்.ஜிஓவி.இன் என்ற முகவரிக்கு அனுப்பலாம். நாட்டின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்கும் ஒரு பிரதி அனுப்பச் சொல்கிறது வருமான வரித்துறை. பணம் இழக்காதவர்களும் புகார் கொடுப்பது நல்லது. அடுத்தவர் தப்பிப்பார்.

போன பணம் திரும்பக் கிடைக்குமா?

இதற்கு ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் விதிகள் வெளியிட்டது. வங்கியின் மீதும் தவறில்லை, வாடிக்கையாளர் மீதும் தவறில்லை, வேறு எங்கோ நடந்த கோளாறால் பணம் போனது என்றால், 3 வேலை நாட்களுக்குள் வங்கிக்குத் தெரிவித்தால் வாடிக்கையாளருக்கு நஷ்டம் இல்லை. 4 முதல் 7 வேலை நாட்கள் என்றால் குறிப்பிட்ட வரம்பு வரை வாடிக்கையாளர் ஏற்க வேண்டும்.

ஆனால் ஃபிஷிங்கில் பாஸ்வேர்டையோ ஓடிபியையோ நாமே கொடுத்திருப்போம். அது வாடிக்கையாளரின் கவனக்குறைவு என்று கருதப்பட்டால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை ஏற்படும் முழு நஷ்டமும் வாடிக்கையாளர் தலையில்தான். தெரிவித்த பிறகு போகும் பணத்துக்குத்தான் வங்கி பொறுப்பு. அதனால்தான் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம் என்று சொல்கிறோம்.

ஆள்மாறாட்டம் செய்து ஆன்லைனில் ஏமாற்றுவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவின் கீழ் குற்றம். 3 ஆண்டு வரை சிறையும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம்.

இன்னொரு வலையும் இருக்கிறது. பணத்தை இழந்தவர்களுக்கு ‘உங்கள் பணத்தை மீட்டுத் தருகிறோம், முதலில் கட்டணம் கட்டுங்கள்’ என்று மெயிலோ போனோ வரலாம். அதுவும் மோசடிதான். 1930-ல் புகார் கொடுக்க எந்தக் கட்டணமும் கிடையாது.

வீட்டில் பெரியவர்கள் இருக்கிறார்களா?

அம்மா, அப்பா, தாத்தா, பாட்டியின் போனில் 1930 எண்ணையும் வங்கியின் எண்ணையும் இன்றே சேமித்துக் கொடுங்கள். ‘சந்தேகமா ஏதாவது மெயில் வந்தா எனக்கு ஒரு போன் பண்ணுங்க’ என்று சொல்லிவையுங்கள்.

அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. ‘இதைக்கூட பார்க்க மாட்டீங்களா?’ என்று திட்டாதீர்கள். கூகுளையே ஏமாற்றியவர்கள் இருக்கும் உலகம் இது. திட்டுவார்களே என்று பயந்து, பணம் போனதை இரண்டு நாள் வீட்டில் மறைத்து வைத்தால் பணத்தைப் பிடிக்கும் வாய்ப்பு கைநழுவிப் போய்விடும். ஏமாந்துவிட்டேன் என்று அவர்கள் சொன்ன அந்த நிமிடத்தில் கேள்வி எதுவும் கேட்காமல், முதலில் 1930-ஐ அழையுங்கள். மற்றதை அப்புறம் பேசிக்கொள்ளலாம்.